பார்க்கர் ஓட்டல் உப்புக்காரத் தெருவுக்கு வந்த கதை

மாணிக்கத்துறை பஸ் ஸ்டாண்டில் இறங்கி, உப்புக்காரத் தெருவுக்கு எப்படிப் போக வேண்டும் என்று யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், வெற்றிலைக் கடைக்காரரோ ஆட்டோக்காரரோ இடம் வலம் எதுவும் சொல்ல மாட்டார்கள், ஓட்டல் வந்துவிட்டுப் போன தெருவா என்றுதான் திருப்பிக் கேட்பார்கள், ஆமாம் என்று தலையாட்டினால் போதும், உங்கள் அவசரத்தை மறந்துவிட்டு, அந்த ஒன்பது நாள் கதையை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். சொல்கிற ஒவ்வொருவரும் தன் பங்குக்கு ஒரு மாடியைக் கூட்டி இப்போது அது ஏழு மாடியில் வந்து நிற்கிறது. உண்மையில் பார்க்கர் ஓட்டலுக்கு மூன்று மாடிதான். அது யாரைத் தேடி வந்ததோ அந்தச் சண்முகவடிவின் பக்கம் நின்று சொல்வதால் நான் மூன்றோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சண்முகவடிவுக்கு அப்போது அறுபத்துநாலு வயது. டெலிபோன் எக்சேஞ்சில் முப்பத்திரண்டு வருடம் ஆபரேட்டராக இருந்து விருப்ப ஓய்வு பெற்றவள், புருஷன் போய் ஆறு வருடம், ஒரே மகன் சிதம்பரம் புனேயில் பன்னிரண்டாவது மாடியில் மனைவியோடு இருந்தான். வீட்டை விற்றுவிட்டு எங்களோடு வந்து இரு என்று அவன் மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தான், வடிவும் பார்க்கலாம் பார்க்கலாம் என்று மூன்று வருடத்தை ஓட்டிவிட்டாள், ஆனால் ஒரு நாள் குளியலறையில் வழுக்கி விழுந்து முழங்கை பூசணிக்காய் மாதிரி வீங்கிக் கிடந்த சமயம் பார்த்து அவன் போன் செய்ய, வலியில் "சரிப்பா" என்று சொல்லிவிட்டாள். வீக்கம் நாலு நாளில் வடிந்துவிட்டது, சொன்ன சொல் வடியவில்லை. அவன் ரயில் டிக்கெட் எடுத்தான், வீட்டுக்கு ஆள் பார்த்தான், தெருவில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாம் கொடுத்து வைத்தவள், பிள்ளை கூப்பிட்டு வைத்துக்கொள்கிறான் என்று வாழ்த்தினார்கள்.

வடிவுக்குப் போக இஷ்டமே இல்லை. முன்பு ஒரு தடவை இருபத்திரண்டு நாள் புனேயில் இருந்துவிட்டு வந்திருக்கிறாள். மருமகள் தங்கமான பெண், வீட்டுக்குள் போட்டுக்கொள்ள மெத்தென்று ஒரு ஜோடி செருப்புகூட வாங்கித் தந்தாள், அவளுடைய ஊர்ச் செருப்பை மட்டும் ஒரு பையில் சுற்றிப் பரண்மேல் வைத்துவிட்டாள், ஏனென்றால் வாசலில் செருப்பு கிடந்தால் அந்தக் கட்டடத்தின் சங்கத்தில் கேட்பார்களாம். அந்த இருபத்திரண்டு நாளும் வடிவுக்குத் தன் கால் எங்கேயோ பரண்மேல் இருப்பது போலவே இருந்தது. ஆனால் இதையெல்லாம் யாரிடம் சொல்வது? மகன் கூப்பிட்டும் போகாத தாய் என்று பேர் எடுக்க அந்த ஊரில் யாருக்குத் துணிச்சல் உண்டு? தவிர, முப்பத்திரண்டு வருடம் மற்றவர்கள் பேசுவதற்கு வழி செய்து கொடுத்துவிட்டுச் சத்தமில்லாமல் நடுவிலிருந்து விலகிக்கொண்டவள் அவள், தன் பேச்சைத் தானே பேசிப் பழக்கமில்லை. அதனால் சிரித்துச் சிரித்துத் தலையாட்டிக்கொண்டே பெட்டி கட்டினாள்.

அவளுக்கு இரண்டு சிநேகிதிகள். கடற்கரை ரோட்டில் பேக்கரி வைத்திருந்த பிலோமினா ஒருத்தி, பெண்கள் துணி தைக்கிற மைமூன் இன்னொருத்தி. மூன்று பேருக்கும் ஒரே சர்க்கரை டாக்டர், அவர் சொல்லி ஒன்பது வருடமாகச் சாயங்காலம் சேர்ந்து நடந்தார்கள், நடந்து குறைத்ததைப் பிலோமினாவின் பேக்கரி வாசலிலேயே திரும்பக் கூட்டிக்கொண்டார்கள். வடிவு கிளம்ப ஒன்பது நாள் இருக்கும்போது, போவதற்கு முன்னால் ஊரில் எதையாவது பார்க்க ஆசையா என்று அவர்கள் கேட்டார்கள். வடிவு யோசிக்காமல் பார்க்கர் ஓட்டல் என்றாள்.

பழைய கஸ்டம்ஸ் ரோட்டில் கடலைப் பார்த்து நின்ற அந்தக் கட்டடம், ஒரு காலத்தில் கொழும்புக் கப்பலுக்குக் காத்திருந்த துரைமாரும் வியாபாரிகளும் தங்கிய இடம். கப்பல் நின்றதும் ஓட்டலும் நின்றுவிட்டது, நாற்பது வருடமாகப் புறாக்கள்தான் குடியிருந்தன. வடிவு வேலைக்குச் சேர்ந்த முதல் ஐந்து வருடம் அதற்குத் தினமும் லைன் போட்டிருக்கிறாள், இருபத்தேழாம் நம்பர். தட்டுகள் மோதுகிற சத்தம், யாரோ பியானோவில் தப்பும் தவறுமாக வாசிப்பது, மானேஜரின் இருமல் என்று காதால் அந்த ஓட்டலின் மூலை முடுக்கெல்லாம் தெரியும், காலால் ஒரு படிகூட ஏறியதில்லை.

வெள்ளிக்கிழமை, பொழுது சாய்கிற நேரம், கேட்டில் சங்கிலி துருப்பிடித்து விழுந்து கிடந்ததால் மூவரும் உள்ளே போனார்கள். முகப்பு மண்டபத்தைத் தாண்டியதும் வெள்ளைக் கல் பதித்த வாசல்படி. அந்தப் படியைக் கண்டதும் வடிவின் கால் தானாகச் செருப்பைக் கழற்றிவிட்டது. நீலவார் ரப்பர் செருப்பு, இடது காலில் வார் அறுந்து ஊக்கு மாட்டியிருந்தது. ஓட்டலுக்குள்ளே போவதற்கு எவளாவது செருப்பைக் கழற்றுவாளா என்று பிலோமினா சிரித்தாள், உள்ளே புறா எச்சம் விரல் கனத்துக்குக் கிடக்கிறது என்று மைமூன் எச்சரித்தாள், வடிவுக்கும் கூச்சமாகத்தான் இருந்தது, ஆனாலும் கழற்றியதை மறுபடி மாட்டிக்கொள்ள மனம் வரவில்லை. நாற்பது வருடம் அழுக்கேறிய தரையில் வெறுங்காலோடு, கோயிலுக்குள் போகிறவள் மாதிரி நடந்து போனாள்.

உள்ளே மாலை வெயில் வண்ணக் கண்ணாடி வழியாகச் சிவப்பும் பச்சையுமாக விழுந்துகொண்டிருந்தது. பிலோமினா சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு நாற்காலியைத் தட்டிப் போட்டு மகாராணி போல உட்கார்ந்து, எங்கே என் சூப் என்று காற்றை அதட்டினாள். பியானோவுக்குள் புறா முட்டை இருந்தது. வரவேற்பு மேஜையில், வெளுத்துப்போன கறுப்பு டெலிபோன் பக்கத்தில், ஒரு பித்தளை மணியும் பெரிய பதிவேடும் இருந்தன. மைமூன் பேனாவை நீட்டி, பேரையும் விலாசத்தையும் எழுதுங்க மேடம் என்று ஓட்டல்காரி குரலில் சொல்ல, வடிவும் விளையாட்டாக "எஸ். சண்முகவடிவு, 14, உப்புக்காரத் தெரு" என்று அழகாக எழுதிக் கையெழுத்தும் போட்டாள். மைமூன் மணியைத் தட்டினாள். மேலே எங்கேயோ ஒரு கதவு திறந்து மூடிய சத்தம் கேட்டது, காற்றாக இருக்கும் என்று மூவரும் பேசாமலே முடிவு செய்தார்கள். அதற்குள் பள்ளிவாசலில் பாங்கு சொல்லவும், மைமூனுக்குத் தொழுகைக்கு நேரமாகிவிட்டதென்று, கிட்டத்தில் இருந்த சமையற்கட்டு வாசல் வழியாகவே ரோட்டுக்கு வந்துவிட்டார்கள். பாதி தூரம் வந்த பிறகுதான் வடிவு காலைப் பார்த்தாள். சரி, பழைய செருப்புத்தானே, ஒழியட்டும் என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் காலை பால் வாங்கக் கதவைத் திறந்தபோது பார்க்கர் ஓட்டல் அவள் வீட்டுக்கு எதிரே பொட்டலில் நின்றுகொண்டிருந்தது.

பால்காரர் சைக்கிளை அதன் தூணில் சாய்த்துவிட்டுப் பாலை ஊற்றியபடியே, நேற்று இது இங்கே இல்லையே என்றார். இல்லை என்றாள் வடிவு. கடல் காற்று வராதே இனி என்று அவர் வருத்தப்பட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். வடிவு செம்பைப் படியில் வைத்துவிட்டுப் பொட்டலைத் தாண்டி முகப்பு மண்டபத்துக்குப் போய்ப் பார்த்தாள். வெள்ளைக் கல் படியின் ஓரத்தில் அவள் செருப்பு இருந்தது. கழுவித் துடைத்து, ஊக்கை எடுத்துவிட்டுப் புது வார் கோத்து, போட்டுக்கொள்ளத் தோதாக நுனி வெளியே பார்க்க ஜோடியாக வைக்கப்பட்டிருந்தது. வடிவுக்கு உடனே விளங்கிவிட்டது. நல்ல ஓட்டல், தங்கியவர் மறந்து விட்டுப்போன பொருளை விலாசம் பார்த்துத் தேடி வந்து கொடுக்கிற ஓட்டல், கொடுத்துவிட்டால் திரும்பிப் போய்விடும். காலை நீட்டி மாட்டிக்கொண்டால் முடிந்தது. அவள் காலை நீட்டக்கூடச் செய்தாள். அப்போதுதான் வீட்டுக்குள் போன் அடித்தது, மகன். நாளை மறுநாள் வீடு பார்க்க ஆள் வருகிறார் என்றான்.

வடிவு வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சாக்கைக் கையில் எடுத்தாள். "ஏய்யா, வாசல்ல ஒரு ஓட்டல் வந்து நிக்கி. விருந்தாளி வாசல்ல நிக்கும்போது வீட்டப் பூட்டிட்டு எப்படி வாரது?"

சிதம்பரம் எவ்வளவு படித்திருந்தாலும் மாணிக்கத்துறைப் பையன்தான். விருந்தாளி என்றதும் அடங்கிவிட்டான். எப்போது கிளம்புமாம் என்று மட்டும் கேட்டான். அதை எப்படிக் கேட்பது, நன்றாகவா இருக்கும் என்றாள் வடிவு. செருப்பைப் பற்றி அவனிடமும் சொல்லவில்லை, சிநேகிதிகளிடமும் சொல்லவில்லை. புருஷனின் பழைய தோல் செருப்பைத் தேடி எடுத்து, இரண்டு சைஸ் பெரிதாக இருந்தாலும் பரவாயில்லை என்று டப் டப்பென்று போட்டுக்கொண்டு திரிந்தாள்.

ஊர் அதைப் பழகிக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். முதல் நாள் வேடிக்கை, இரண்டாம் நாள் உரிமை, மூன்றாம் நாளே புகார் என்று ஆகிவிட்டது. இட்லி விற்கிற அம்மாள் வண்டியை முகப்பு மண்டபத்தின் நிழலுக்கு மாற்றிக்கொண்டாள். பால்கனிக் கம்பிகளில் தெரு முழுவதன் போர்வைகளும் காய்ந்தன. பொட்டலில் கிரிக்கெட் விளையாடியவர்கள், முதல் மாடி நாலு, மூன்றாம் மாடி ஆறு, ஜன்னல் உடைந்தால் அவுட் என்று புதுச் சட்டம் போட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். கிராம நிர்வாக அதிகாரி வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, கட்டடம் பழையது, ஆனால் இந்த இடத்துக்குப் புதியது, இதற்கு எந்தப் படிவம் என்று தெரியவில்லை என்று சொல்லி ஒரு டீ குடித்துவிட்டுப் போனார். வார்டு கவுன்சிலர் தன் படம் போட்டு வருக வருக என்று ஒரு பிளக்ஸ் வைத்தார், ஓட்டலின் படம் அதில் அவர் தோளுக்குக் கீழே சிறியதாக இருந்தது.

உண்மையான பரபரப்பு ஞாயிறு காலையில்தான் வந்தது. அந்தக் காலத்துத் துரைமார் ஓட்டலில், தங்குகிறவர்கள் இரவு பூட்ஸைக் கதவுக்கு வெளியே கழற்றி வைத்தால் விடிவதற்குள் பாலிஷ் போட்டு வைத்துவிட வேண்டும் என்பது வழக்கம். உப்புக்காரத் தெருவில் யார் வீட்டில்தான் செருப்பு கதவுக்கு வெளியே கிடக்கவில்லை? எழுபது வீட்டு வாசலிலும் கிடந்த செருப்புகளைக் கண்டு ஓட்டல் திகைத்திருக்குமோ என்னவோ, கடமையிலிருந்து தவறவில்லை. விடிந்து பார்த்தால் ரப்பர் செருப்பு, தோல் செருப்பு, பிளாஸ்டிக் செருப்பு, மீன் கூடைக்காரியின் தேய்ந்த செருப்பு, ஐயர் வீட்டுப் பாதக்குறடு எல்லாமே பளபளவென்று துடைத்து, அறுந்த வார் தைத்து, நுனி தெருவைப் பார்க்க வரிசையாக இருந்தன. அன்றைக்கு உப்புக்காரத் தெருக்காரர்கள் காலைப் பார்த்துக்கொண்டே நடந்ததில் இரண்டு பேர் மின்கம்பத்தில் முட்டிக்கொண்டார்கள்.

செய்தி பரவி, அடுத்த தெருக்காரர்கள் பொழுது சாய்ந்ததும் செருப்பைக் கொண்டுவந்து உப்புக்காரத் தெரு வாசல்களில் விட்டுவிட்டு வெறுங்காலோடு வீட்டுக்குப் போனார்கள். இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காத சொந்தக்காரர்கள்கூடக் குடும்பத்தோடு வந்து ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் போனார்கள். பஸ் ஸ்டாண்டில் செருப்புத் தைக்கிற மாடசாமி மட்டும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து ஓட்டலுக்கு எதிரே உட்கார்ந்து, ஒரு நாள் முழுவதும் அதை முறைத்துப் பார்த்தார். மறுநாள் காலை அவருடைய செருப்பும் பாலிஷ் ஆகியிருந்தது, அதற்குமேல் யாரிடம் போய்ச் சண்டை போடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. பிலோமினாவின் மனத்தாங்கல் வேறு. தினமும் நாலு மணிக்கு, அடுப்பே எரியாத அந்தச் சமையற்கட்டிலிருந்து வெண்ணெய் பிஸ்கட் வேகிற வாசனை வந்தது, அது தன் பிஸ்கட் வாசனையைவிட ஒரு படி மேல் என்பது மூக்குள்ள எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அவள் நாலு மணிக்கெல்லாம் ஜன்னலை அடைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை வீடு பார்க்க வந்தவர் வீட்டைப் பார்க்கவேயில்லை. வாசலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு ஓட்டலையே பார்த்தார், இது இங்கேதான் இருக்குமா, போய்விடுமா என்று கேட்டார், தெரியவில்லை என்றாள் வடிவு, போன பிறகு சொல்லுங்கள் என்று காரில் ஏறிவிட்டார். வடிவு அன்று ராகி தோசை சுட்டு இரண்டு கூடுதலாகச் சாப்பிட்டாள். சாயங்காலங்களில் படியில் உட்கார்ந்து ஓட்டலைப் பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்குப் பிடித்திருந்தது. அதுவும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. பாவம், செருப்பைக் கொடுக்க வந்த இடத்தில் கொடுக்க முடியாமல் நிற்கிறதே என்று நெஞ்சில் ஒரு முள் குத்தும், இன்னும் ஒரே ஒரு நாள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வாள்.

புதன்கிழமை நகராட்சியிலிருந்து ஆள் வந்து முகப்புத் தூணில் ஒரு தாளை ஒட்டினார். அனுமதி இல்லாத இடத்தில் கட்டடம், திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு இடிக்கப்படும். பழைய இடத்தில் பட்டா இருந்தது, அங்கே நின்றவரை யாரும் தொட முடியாது, இங்கே அது வெறும் ஆக்கிரமிப்பு. வடிவு தாளை இரண்டு தடவை படித்தாள். அவளுடைய ரயில் ஞாயிறு சாயங்காலம், இடிக்கிற இயந்திரம் திங்கள் காலை. செருப்பை மாட்டினால் ஓட்டல் பிழைக்கும், அவள் புனேக்குப் போக வேண்டும். மாட்டாவிட்டால் அவள் பிழைப்பாள், ஓட்டல் போய்விடும்.

இடிக்க விடக்கூடாது என்று தெருவே சொன்னது. ஆனால் கிளம்பு என்று விருந்தாளியிடம் எந்த வாயால் சொல்வது? கவுன்சிலர் மாட்டேன் என்றார், பாதிரியார் மாட்டேன் என்றார், மூன்று நாள் இதையே பேசினார்கள். கடைசியில் பெண்கள்தான் வழி கண்டுபிடித்தார்கள், தாம்பூலம் கொடுத்துவிடுவோம். தாம்பூலம் வாங்கியவர் எழுந்து போக வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை, ஆனால் கொலுவுக்கு வந்து தாம்பூலத்தை வாங்கிக்கொண்ட பிறகும் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த ஒருத்தியைக் காட்டச் சொன்னால், தமிழ்நாடு முழுவதும் சல்லடை போட்டுச் சலித்தாலும் ஆள் கிடைக்காது. ரவிக்கைத் துணி எத்தனை மீட்டர் என்பதில்தான் சிக்கல் வந்தது. மைமூன் டேப்பைப் பிடித்துக்கொண்டு தூணுக்குத் தூண் அளந்தாள், பால்கனியைக் கையாகக் கணக்கில் எடுப்பதா வேண்டாமா என்று ஒரு மணி நேரம் வாதம் நடந்தது, முடிவில் அரக்குக் கலரில் ஒரு முழு ரோல் துணி வாங்கினார்கள். பிலோமினா தன் பெருமையை விட்டுக்கொடுக்காமல் ஒரு பெட்டி வெண்ணெய் பிஸ்கட்டும் வைத்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம், பொழுது சாய்கிற நேரம், தெருவே கூடி நின்றது. வெற்றிலை, பாக்கு, மஞ்சள், தேங்காய், துணி, பிஸ்கட் எல்லாம் ஒரு பெரிய தாம்பாளத்தில் வைத்து, மூன்று சிநேகிதிகளுமாக வெள்ளைக் கல் படியில் கொண்டுபோய் வைத்தார்கள். கதவு மெல்லத் திறந்து தாம்பாளத்தை உள்ளே இழுத்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் தாம்பாளம் கழுவித் துடைத்து, மேலே ஒரு வெள்ளைத் துவாலையைத் தாமரைப்பூ போல மடித்து வைத்துத் திரும்பி வந்தது. ஓட்டல் மட்டும் இம்மிகூட நகரவில்லை.

தாம்பாளத்தை எடுக்கக் குனிந்த மைமூன் அப்படியே நின்றுவிட்டாள். படியின் ஓரத்தைப் பார்த்தாள், வடிவின் காலைப் பார்த்தாள், அந்தக் காலில் கிடந்த ஆண்பிள்ளைச் செருப்பைப் பார்த்தாள். கூட்டத்துக்குக் கேட்காத குரலில், "ஏட்டி, இது உன் செருப்புல்லா?" என்றாள்.

வடிவு அந்தக் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். பிலோமினாவும் குனிந்து பார்த்தாள். அந்த வெள்ளிக்கிழமை, அந்த வாசல்படி, வெறுங்காலோடு ரோட்டுக்கு வந்தது எல்லாம் இரண்டு பேருக்கும் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வருவது அவர்கள் முகத்திலேயே தெரிந்தது. என்றைக்குப் பார்த்தாய் என்று பிலோமினா கேட்டாள். முதல் நாளே என்றாள் வடிவு. பிறகு, ஒன்பது நாளாக, இல்லை, மூன்று வருடமாக அடைத்துக் கிடந்தது உடைந்தது. "எனக்குப் போவதுக்கு இஷ்டம் இல்லட்டி. இதப் போட்டா இது போயிரும். இது போயிட்டா நானும் போணும்."

மைமூன் கோபப்படுவாள் என்று வடிவு நினைத்தாள். மைமூனின் கண்தான் நிறைந்தது. "இத எங்ககிட்டச் சொல்லதுக்கு ஒரு ஓட்டல் கெளம்பி வரணுமாட்டி?" என்றாள்.

அந்தக் கேள்விக்கு முன்னால் வடிவு கூசிப்போனாள். தாம்பாளத்தை மைமூனிடமே விட்டுவிட்டு, பெரிய செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, வெறுங்காலோடு ஓட்டலுக்குள் போனாள். தரை இப்போது முகம் தெரிகிற மாதிரித் துடைத்திருந்தது. வரவேற்பு மேஜைமேல் அந்தக் கறுப்பு டெலிபோன், இருபத்தேழாம் நம்பர். அதன் வயர் சுவரிலிருந்து ஒரு முழம் வந்து அந்தரத்தில் முடிந்திருந்தது. வடிவு எடுத்துக் காதில் வைத்தாள்.

"நம்பர் ப்ளீஸ்" என்றது ஒரு பெண் குரல்.

வடிவுக்கு அந்தக் குரல் தெரியும். எண்ணெய் தேய்த்துப் பின்னிய சடையும், காதில் மாட்டிய ஹெட்போனும், எக்சேஞ்சின் அரக்கு வாசனையுமாக, இருபது வயதில் இருந்த வடிவின் குரல். அவள் மகனுடைய நம்பரைச் சொன்னாள். லைனில் இருங்க என்றது அந்தப் பெண். இருந்தாள். ஆயிரம் பேரை அப்படிக் காத்திருக்க வைத்திருக்கிறாள், காத்திருப்பது இவ்வளவு நீளமாக இருக்கும் என்று அப்போது தெரியாது. பிறகு ஒரு சின்னச் சொடுக்கு, "பேசுங்க" என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண் அவளுக்கே உரிய நாசூக்கோடு நடுவிலிருந்து விலகிக்கொண்டாள்.

சிதம்பரம் எடுத்ததும் யார் என்று கேட்டான், செல்போனில் வெறும் இரண்டு இலக்கம்தான் வருகிறதாம். வடிவு தான்தான் என்று சொன்னாள். "சிதம்பரம், கட் பண்ணிராத, முழுசாக் கேளு. நான் வரலய்யா. ஓட்டலுக்காக இல்ல. அது இப்பப் போயிரும். எனக்கு இங்கனதான் இருக்கணும்."

நாங்கள் ஏதாவது தப்பாக நடந்துகொண்டோமா என்று அவன் கேட்டான், அவன் அப்படிக் கேட்டதில் வடிவுக்கு அழுகை வந்தது. இல்லை, உன் பெண்டாட்டி தங்கம் என்றாள், வருடத்துக்கு ஒரு மாதம் விருந்தாளியாக வருகிறேன், செருப்பைப் பரணில் வைத்தாலும் பரவாயில்லை என்றாள். மறுபடி விழுந்தால் என்ன செய்வாய் என்றான். இங்கே விழுந்தால் பிலோமினாவும் மைமூனும் தூக்குவார்கள், அவர்களால் முடியாவிட்டால் உன்னைக் கூப்பிடுகிறேன், அப்போது நீ வா என்றாள். அவன் மனத்தாங்கலோடுதான் சரி என்றான், மனத்தாங்கல் தீர எப்படியும் ஒரு வருடம் ஆகும் என்று அவளுக்குத் தெரியும், இருந்தாலும் சரி என்றான். பிறகு, முதலிலேயே சொல்லியிருக்கலாமே அம்மா என்றான். அதை இரண்டாவது ஆளாக அவன் சொல்கிறான் என்று வடிவு சொல்லவில்லை. போனை வைத்தாள், வைப்பதற்கு முன்னால் லைனில் இருந்த பெண்ணுக்கு ஒரு தாங்க்ஸ் சொன்னாள். ஆபரேட்டருக்கு யாரும் சொல்ல மாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியுமே.

வெளியே வந்து, கூட்டம் பார்த்துக்கொண்டிருக்க, படியோரத்தில் காத்திருந்த நீலவார்ச் செருப்பில் காலை நுழைத்தாள். புது வார் கொஞ்சம் பிடித்தது. உள்ளே மணி ஒரு தடவை அடித்தது, ஓட்டல் ஒரு பெருமூச்சு விட்டது, பால்கனியில் காய்ந்துகொண்டிருந்த போர்வைகள் தாமாகவே மடிந்து அவரவர் வாசல்படியில் போய் விழுந்தன. இட்லி அம்மாள் வண்டியை நகர்த்திக்கொண்டாள். பிறகு பார்க்கர் ஓட்டல் மெல்லப் பொட்டலிலிருந்து திரும்பி, மின்கம்பிகளில் இடிக்காமல் உடம்பை ஒடுக்கிக்கொண்டு, தெரு வழியாக நடந்து போயிற்று. விருந்தாளியைத் தெருமுனை வரைக்குமாவது கொண்டுபோய் விடுவதுதான் முறை என்று எல்லோரும் கூடவே போனார்கள். வடிவும் சிநேகிதிகளும் மட்டும் கஸ்டம்ஸ் ரோடு வரை போய், அது தன் பழைய இடத்தில் கடலைப் பார்த்து உட்காருகிற வரையில் நின்றுவிட்டு வந்தார்கள். கடைசியாக ஒரு முறை வெண்ணெய் பிஸ்கட் வாசனை வந்தது, இது என் பிஸ்கட்தான், உள்ளே யாரோ தின்கிறார்கள் என்றாள் பிலோமினா, அவள் சொன்னதை மற்ற இரண்டு பேரும் மறுக்கவில்லை.

திங்கட்கிழமை பத்து மணிக்கு இயந்திரத்தோடு வந்த நகராட்சிக்காரர்கள், வெறும் பொட்டலில் நின்று தாளையும் மண்ணையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கவுன்சிலரின் பிளக்ஸை மட்டும் இடித்துவிட்டுப் போனார்கள். தெருவின் செருப்புகள் ஒரு வாரத்தில் பழையபடி புழுதி ஏறின, மாடசாமி பஸ் ஸ்டாண்டில் முன்னைவிட இரண்டு மடங்கு அதட்டலாக வேலை பார்த்தார்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்தச் சனிக்கிழமைச் சாயங்காலத்தைப் பற்றி. சிநேகிதிகளை அனுப்பிவிட்டு வடிவு வீட்டுக்கு வந்தாள். படியேறி, செருப்பைக் கழற்றினாள். ஒன்பது நாள் ஓட்டலோடு பழகிய தோஷமோ என்னவோ, செருப்பு தெருவைப் பார்த்து, உடனே கிளம்புகிறவருக்கு வைத்தது போலக் கிடந்தது. வடிவு ஒரு காலால் அதை மெல்லத் திருப்பி, நுனி வீட்டுக்குள்ளே பார்க்கிற மாதிரி வைத்துவிட்டு, உள்ளே போய் விளக்கைப் போட்டாள்.